சூலும் சதையி அழற்சியும்: படுவான்கரையிலிருந்து ஒரு நோக்கு

1

நோய் உடலிலே தோன்றுகிறது. ஆனால் அந்நோயினால் ஒருவர் இறப்பதா பிழைப்பதா என்பதை உடல் மட்டும் தீர்மானிப்பதில்லை. 1848 ஆம் ஆண்டு மேற் சிலேசியாவில் பரவிய கொள்ளைக் காய்ச்சலை ஆராயச் சென்ற ஜெர்மானிய மருத்துவ அறிஞர் ருடோல்ஃப் விர்ஹோ, அம்மக்களுக்கு மருந்தைக் காட்டிலும் கல்வியும் சுதந்திரமும் நல்வாழ்வுமே முதலில் தேவை என்ற முடிவோடு திரும்பினார். அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்னர், 1845 இல், எங்கெல்ஸ் இங்கிலாந்துத் தொழிலாளி வர்க்கத்தின் நிலைமை பற்றிய தமது நூலிலே, பிரசவ வேளை நெருங்கும்வரை ஆலைகளில் நின்று வேலைசெய்த பெண்களின் உடலில் உற்பத்தி முறை பதித்த தடங்களை விபரித்திருந்தார். மருத்துவத்தைச் சமூக விஞ்ஞானமாக நோக்கும் மரபு இவ்வாறு ஒன்றேமுக்கால் நூற்றாண்டுப் பழமை உடையதாகும்.

இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் பொருள், கர்ப்ப காலத்தில் ஏற்படும் தீவிர சதையி அழற்சியும், அது தாயையும் சேயையும் பாதிக்கும் முறையுமாகும். இலக்கிய மாணவன் ஒருவன் மருத்துவப் பொருளிலே கைவைப்பது சிலருக்கு வியப்பை அளிக்கலாம். ஆனால் இந்நோயின் வரலாற்றிலே இலக்கிய மாணவனுக்கு உரிய பகுதி ஒன்றுண்டு. வலி என்பது சொல்லப்பட வேண்டியது. சொல்லப்பட்ட வலி கேட்கப்பட வேண்டியது. கேட்கப்பட்டதற்குச் சரியான பெயர் இடப்பட வேண்டியது. இம்மூன்றில் எது தவறினாலும் இந்நோயில் உயிருக்கு ஆபத்து நேரலாம். சொல்லும் பெயரும் எங்கள் துறைக்குரியவை.

இது பரவலான நோயன்று என்பதை முதலிலேயே கூறிவிட வேண்டும். உலகின் பல பகுதிகளிலிருந்து வெளிவந்த கணிப்புகள் ஏறத்தாழ 1,000 கர்ப்பங்களுக்கு ஒன்று முதல் 10,000 கர்ப்பங்களுக்கு ஒன்று வரை என இதனை மதிப்பிடுகின்றன. அவ்வாறாயின் இதனை ஏன் எழுத வேண்டும்? குருதிப்பெருக்கு, உயர் குருதியமுக்கம், கிருமித்தொற்று ஆகிய பெருநோய்களுக்குக் கர்ப்பிணிச் சிகிச்சை நிலையங்களில் ஒழுங்கான சோதனைகளும் விதிமுறைகளும் உள்ளன. அரிய நோய்க்கு அத்தகைய முன்னேற்பாடு இல்லை. ஆகவே அரிய நோய் ஒன்று ஓர் உரைகல்லாக அமைகின்றது. எதிர்பாராத வலியோடு வரும் ஓர் ஏழைப் பெண்ணுக்கு ஒரு சமூகம் எவ்வளவு விரைவாகச் செவிசாய்க்கின்றது என்பதை அது காட்டிக்கொடுக்கின்றது.

2

ஈழத்துப் பாடநூல் மரபிலே ‘சதையி’ எனவும், தமிழகத்திலே ‘கணையம்’ எனவும் வழங்கும் உறுப்பு, இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் குறுக்காகக் கிடப்பது. கிரேக்க மொழியிலே இவ்வுறுப்பின் பெயர் ‘முழுதும் சதை’ எனப் பொருள்படும். எலும்போ குருத்தோ இன்றி முற்றும் தசைபோன்று தோன்றியமையால் முன்னோர் அவ்வாறு பெயரிட்டனர். ‘சதையி’ என்ற சொல் அக்கருத்தோடு பொருந்தி நிற்பது மனங்கொள்ளத்தக்கது.

சதையிக்கு இரு பணிகள் உண்டு. ஒன்று, இன்சுலின் முதலிய ஓமோன்களைக் குருதியில் விடுதல். மற்றது, புரதத்தையும் கொழுப்பையும் மாப்பொருளையும் சமிபாடடையச் செய்யும் நொதியங்களைச் சுரந்து முன்சிறுகுடலுக்கு அனுப்புதல். இந்நொதியங்களுட் சில இறைச்சியையே கரைக்கவல்லவை. ஆதலால் அவை சதையிக்குள் இருக்கும்வரை செயலற்ற நிலையிலேயே வைக்கப்பட்டிருக்கும். குடலை அடைந்த பின்னரே விழித்தெழும். ஏதோ ஒரு காரணத்தால் அவை சதையிக்குள்ளேயே விழித்துவிடின், உறுப்பு தன்னைத்தானே சமிக்கத் தொடங்குகின்றது. இதுவே சதையி அழற்சியின் சாரம். 1889 இல் பொஸ்ரன் நகர மருத்துவர் றெஜினால்ட் ஃபிற்ஸ் இந்நோயை முறைப்பட விபரித்தார். 1901 இல் யூஜின் ஓப்பி, பித்தப்பையிலிருந்து இறங்கிய கல்லொன்று பித்தநாளமும் சதையிநாளமும் கூடும் வாயிலில் அடைத்துக்கொள்வது இதற்குக் காரணமாகலாம் எனக் காட்டினார்.

கர்ப்பத்துக்கும் இதற்கும் உள்ள தொடர்பு இவ்விடத்திலேயே தொடங்குகின்றது. கர்ப்ப காலத்தில் மிகும் ஈஸ்திரோஜன் என்ற ஓமோன் பித்தநீரில் கொலஸ்திரோலின் செறிவைக் கூட்டுகின்றது. புரோஜெஸ்திரோன் பித்தப்பையின் சுருக்கத்தை மந்தப்படுத்துகின்றது. செறிந்த பித்தநீர் வெளியேறாது தேங்கும்போது முதலில் சேறுபோன்று படிந்து, பின்னர் கல்லாக இறுகுகின்றது. கர்ப்பிணிகளிடம் காணப்படும் சதையி அழற்சியின் பெரும்பகுதி இவ்வாறு பித்தக்கல்லினால் விளைவதாகும். அடுத்த முக்கிய காரணம் திரைகிளிசரைட்டு எனப்படும் கொழுப்பு. எல்லாக் கர்ப்பிணிகளிடமும் பிரசவத்தை நெருங்கும் மாதங்களில் இது இரண்டு முதல் நான்கு மடங்கு வரை உயர்வது இயல்பே. பரம்பரைக் குறைபாடோ நீரிழிவோ உள்ளவர்களிடம் இவ்வுயர்வு எல்லைமீறி, குருதியின் ஒரு டெசிலீற்றரில் 1,000 மில்லிகிராமைத் தாண்டினால் சதையி தாக்கப்படலாம். ஆண்களிடம் இந்நோய்க்குப் பெருங்காரணமான மதுபானம் கர்ப்பிணிகளைப் பொறுத்தவரை பெரும்பாலும் சிறு பங்கே வகிக்கின்றது. நோயாளருட் பாதிக்கு மேற்பட்டோர் கடைசி மூன்று மாதங்களிலேயே நோயுறுகின்றனர்; பிரசவத்தின் பின்னரும் சில வாரங்கள் ஆபத்து நீடிக்கின்றது.

கொழுத்த உணவு உண்போரின் நோய் இது என்ற எண்ணம் படித்தோரிடையேயும் நிலவுகின்றது. ஆயின் அடுத்தடுத்து வரும் கர்ப்பங்கள் பித்தக்கல்லுக்கு ஏதுவாகின்றன. உடல் திடீரென மெலிதலும் அவ்வாறே. அடுத்தடுத்துப் பிள்ளை பெற்றவளும், ஒரு போகம் உண்டு மறு போகம் பட்டினி கிடந்தவளும் எந்த வர்க்கத்தைச் சேர்ந்தவர்கள் என்பதைக் கூற வேண்டியதில்லை.

3

தாயைப் பொறுத்தவரை, நோய் பெரும்பாலும் திடீரெனத் தோன்றுகின்றது. மேல்வயிற்றின் நடுவிலே தொடங்கும் கடும் வலி முதுகை ஊடுருவிச் செல்லும். மல்லாந்து படுத்தால் மிகும், முன்னோக்கிக் குனிந்திருந்தால் சற்றுத் தணியும். வாந்தி தொடரும். ஐவரில் நால்வருக்கு நோய் மென்மையாக அமைந்து சில நாட்களில் அடங்கிவிடுகின்றது. எஞ்சிய ஒருவரிடமே அது கொடிய வடிவம் எடுக்கின்றது. குருதிக் குழாய்கள் கசியத் தொடங்கி, உடலின் நீர்மம் வயிற்றறைக்குள் வடிகின்றது. வெளியே ஒரு துளி குருதி சிந்தாமலேயே, குருதியோட்டம் வற்றிப்போகின்றது. குருதியமுக்கம் வீழ, சிறுநீரகம் தளர்கின்றது, நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டுகின்றது, கல்சியம் குறைகின்றது, சர்க்கரை உயரலாம். பின்வரும் வாரங்களில் இறந்துபட்ட சதையித் திசுவில் கிருமி தொற்றினால் இரண்டாவது ஆபத்து நேர்கின்றது.

சேயைப் பொறுத்தவரை, தாயின் நோய் கருவின் சதையியைத் தாக்குவதில்லை. உறுப்புக் குறைபாடு எதனையும் அது நேரடியாக உண்டாக்குவதுமில்லை. இதனைத் தாய்மாருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் அச்சமும் குற்றவுணர்வும் இங்கு மிகுதி. சேய்க்கு வரும் கேடு தாயின் குருதியோட்டத்தின் வழியாகவே வருகின்றது. தாயின் உடலில் நீர்மம் வற்றும்போது, உடல் தன் மூளையையும் இருதயத்தையும் காக்கும்பொருட்டுக் கருப்பைக்குச் செல்லும் குருதியைக் குறைத்துவிடுகின்றது. நச்சுக்கொடியினூடாகச் செல்லும் ஒட்சிசன் குறைகின்றது; சேயின் அசைவு தளர்கின்றது. நிலைமை நீடித்தால் சேய் வயிற்றிலேயே இறக்கலாம். அழற்சியினால் தூண்டப்பட்டுக் கருப்பை முன்கூட்டியே சுருங்கத் தொடங்குவதும் உண்டு. அவ்வழி, நுரையீரல் முதிராத குறைமாதக் குழந்தை பிறக்கின்றது. தாயைக் காப்பதே சேயைக் காப்பதற்கான முதல் வழி என்பதே இதன் பொருளாகும்.

சிகிச்சை மந்திர வித்தையன்று. நாளத்தினூடாக அளவறிந்து நீர்மம் ஏற்றல், வலியை அடக்கல், ஒட்சிசன் கொடுத்தல், உண்ணக்கூடிய நிலை வந்தவுடன் உணவு தொடங்கல், சேயின் இருதயத் துடிப்பைக் கண்காணித்தல், குறைமாதப் பிரசவம் நேருமெனின் சேயின் நுரையீரலை முதிர்விக்கும் ஊசியைத் தாய்க்கு இடல் என்பனவே அடிப்படைகள். குருதியில் இலிப்பேசு அல்லது அமிலேசு என்ற நொதியம் இயல்பின் மும்மடங்கு உயர்ந்திருப்பதை ஒரு சாதாரணச் சோதனை காட்டிவிடும். பித்தக்கல்லை, கருவுக்குத் தீங்கற்ற ஸ்கான் காட்டிவிடும். கல் காரணமாயின், வாய்ப்பான காலத்தில், சிறப்பாக நடு மூன்று மாதங்களில், அல்லது பிரசவத்தின் பின்னர், பித்தப்பையை அகற்றிவிட வேண்டும். அகற்றாது விடின் கணிசமானோருக்கு நோய் மீள்கின்றது.

1970களின் ஆரம்பம் வரையான அறிக்கைகளைத் தொகுத்து நோக்கியோர், இந்நோயுற்ற கர்ப்பிணிகளில் மூன்றிலொரு பங்கிற்கு மேற்பட்டோர் இறந்தனர் எனக் கண்டனர். இன்று வசதிகள் நிறைந்த வைத்தியசாலைகளில் தாய் இறப்பது அரிது. இவ்விரு நிலைகளுக்கும் இடையே மனித உடல் மாறவில்லை. நோயை இனங்காணும் வேகமும், முதல் இருபத்துநான்கு மணித்தியாலத்துள் நீர்மம் கிடைக்கும் வாய்ப்பும், தீவிர சிகிச்சைப் பிரிவும் மாறியுள்ளன. அதாவது, இந்நோயில் உயிரைத் தீர்மானிப்பது பெரும்பாலும் நேரம். அந்த நேரத்தை வகுப்பது சமூகம்.

4

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீள்கின்றது. சூரியன் எழும் கிழக்குப் புறம் எழுவான்கரை. படும் மேற்குப் புறம் படுவான்கரை. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய எழுவான்கரையிலே பெருந்தெருவும், பெரும் பாடசாலைகளும், சந்தைகளும், தமிழரும் முஸ்லிம்களும் நெருங்கி வாழும் ஊர்களும் அமைந்தன. பெரிய வைத்தியசாலைகளும் எழுவான்கரைப் பெருந்தெருவையும் நகரையும் ஒட்டியே வளர்ந்தன. படுவான்கரையோ வயலும் குளமும் காடும். நெல் அங்கே விளைந்தது. அதனாற் பெற்ற செல்வத்தின் பெரும்பகுதி இக்கரைக்கு வந்து சேர்ந்தது. போடியார் காணியை உடைமையாகக் கொண்டிருக்க, முல்லைக்காரர் வயலை மேற்பார்வை செய்ய, கூலியாள் உழுது விதைத்து அறுத்த உற்பத்தி உறவின் புவியியல் வடிவமே இந்த இரு கரைகள் எனலாம். வாவி நீர்ப்பரப்பு மட்டுமன்று. அது ஒரு வர்க்க எல்லையாகவும் இருந்தது.

இருகரைகளையும் இணைத்தது ‘பாதை’. பிற இடத்துத் தமிழர் இச்சொல்லை வழி என்றே கொள்வர். வாவிக்கரை மக்களுக்கு அது மனிதரையும் மாட்டையும் வண்டியையும் ஏற்றித் துறைக்குத் துறை கடக்கும் மிதவை. மண்முனைத் துறை, குருக்கள்மடம்–அம்பிளாந்துறை, குருமண்வெளி–மண்டூர் ஆகியன நெடுங்காலம் பாதையை நம்பிய கடவைகளாகும். கல்லடிப் பாலம் 1924 இலேயே திறக்கப்பட்டது. மண்முனைக்குப் பாலம் வந்தது 2014 இல். இரண்டுக்கும் இடையே தொண்ணூறு ஆண்டுகள். முன்னது நகரையும் எழுவான்கரையையும் இணைத்தது. பின்னது கொக்கட்டிச்சோலையையும் அதனைச் சூழ்ந்த உழவர் ஊர்களையும் பெருந்தெருவோடு இணைத்தது. எது முந்தியது, எது பிந்தியது என்பது தற்செயலானதன்று.

யதார்த்தவாதம் பற்றி 1888 இல் எழுதிய கடிதமொன்றில் எங்கெல்ஸ், வகைமாதிரியான சூழ்நிலையில் வகைமாதிரியான மாந்தரைக் காட்டுதலை வலியுறுத்தினார். அவ்வழியில், மண்முனைப் பாலத்துக்கு முந்திய காலத்துப் பெண் ஒருத்தியை எண்ணிப்பார்ப்போம். இவள் குறிப்பிட்ட எவரும் அல்லள், ஒரு வகைமாதிரி.

அவளுக்கு எட்டாம் மாதம், மூன்றாவது கர்ப்பம். கணவன் விளைந்த வயலைக் காவல்செய்ய வாடியில் தங்கியிருக்கின்றான். இரவு எட்டு மணிக்கு மேல்வயிற்றில் வலி தொடங்குகின்றது. தாய் வேர்க்கொம்பும் ஓமமும் அவித்துக் கொடுக்கின்றாள். இதே நேரம் உடலினுள்ளே நொதியங்கள் விழித்துவிட்டன. பத்து மணிக்கு வாந்தி. ‘வாய்வுதான், விடிந்தால் சரியாகிவிடும்’ என்கின்றனர் அயலவர். நீர்மம் வயிற்றறைக்குள் கசியத் தொடங்குகின்றது. நள்ளிரவில் தாய் அஞ்சுகின்றாள். ஆனால் வாகனம் வேண்டும். உழவு இயந்திரம் வைத்திருப்பவரை எழுப்ப வேண்டும். வழியில் யானை நிற்கலாம். துறையிலே பாதை இராது. சிறுநீர் குறைகின்றது, நாடி விரைகின்றது. விடிந்ததும் அண்மையிலுள்ள சிறிய வைத்தியசாலை. அங்கே இரைப்பை அழற்சிக்கு ஊசி; பிரசவ வலியோ எனச் சிறிது நேரம் கவனிப்பு. சேயின் அசைவு குறைந்திருப்பதை அவள் உணர்கின்றாள். யாரும் கேட்காததால் சொல்லவில்லை. முற்பகலில் பாதையேறி, மறுகரை சேர்ந்து, பெரிய வைத்தியசாலையை அடையும்போது நண்பகல். பதினாறு மணித்தியாலங்கள். நீர்மம் ஏற்றுவதற்கு மிகப் பயனுள்ள நேரத்தின் பெரும்பகுதி கடந்துவிட்டது.

தாய் மரணங்களை ஆராய்ந்த ததேயஸ், மேய்ன் என்ற இரு ஆய்வாளர் 1994 இல் மூன்று தாமதங்களை வகுத்துக் காட்டினர்: வைத்தியசாலைக்குப் போவதென முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேர்வதில் தாமதம், சேர்ந்த இடத்தில் தக்க சிகிச்சை பெறுவதில் தாமதம். எமது வகைமாதிரிப் பெண்ணின் பதினாறு மணித்தியாலத்தில் மூன்றும் உள்ளன. நோய்க்கு ஒரு கடிகாரம், சமூகத்துக்கு வேறொரு கடிகாரம். இரண்டாவது பின்தங்கும்போது முதலாவது காத்திருப்பதில்லை.

5

முதலாவது தாமதத்தை அறியாமை என்று ஒதுக்கிவிடுவது படித்த நடுத்தர வர்க்கத்தின் வழக்கம். அது சரியான விளக்கமன்று. வாவிக்கரைப் பெண்களிடம் உடல் பற்றிய விரிந்த அறிவுத்தொகுதி ஒன்று உண்டு. மட்டக்களப்புத் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் சூடு, குளிர்ச்சி என்ற கருத்துக்கள் கருத்தரித்தலோடும் பிரசவத்தோடும் எவ்வாறு பிணைந்துள்ளன என்பதை மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 1982 இல் வெளிவந்த கட்டுரையொன்றில் விரிவாக ஆராய்ந்துள்ளார். பண்டிதர் வீ. சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ என்ற 1964 ஆம் ஆண்டு நூல், இப்பிரதேசப் பண்பாட்டை அதன் உள்ளிருந்தே நோக்கிய முன்னோடி முயற்சியாகும். மருத்துவிச்சியின் கையறிவும், பத்திய உணவும், பிள்ளைப்பேற்றின் பின்னரான பராமரிப்பும் பல தலைமுறைகளைக் காத்தவை.

ஆயின் எந்த அறிவுத்தொகுதியும் தனக்குத் தெரிந்த பெயர்களையே இடும். சித்த மருத்துவம் வயிற்றுவலியோடு கூடிய பல நோய்களைக் ‘குன்மம்’ என்ற தலைப்பிலே தொகுத்தது. மக்கள் வழக்கிலே அது வாய்வு, சூடு, குத்து என்றாயிற்று. இவை பெரும்பாலான வயிற்றுவலிகளுக்குப் போதுமான பெயர்களே. பெரும்பாலான வலிகள் விடிந்ததும் சரியாகிவிடுகின்றன அல்லவா? அரிய நோயின் கொடுமை இதுதான். நூறு முறை மெய்யான அனுபவம், நூற்றோராவது முறை ஏமாற்றிவிடுகின்றது. அவ்வாறு ஏமாறுவது கிராமத்துத் தாய் மட்டுமன்று. இரைப்பை அழற்சி எனப் பெயரிட்ட சிறிய வைத்தியசாலையும் அதே தவறையே வேறொரு மொழியிற் செய்தது.

‘பித்தம்’ என்ற சொல்லின் கதை இன்னும் நுண்மையானது. மரபு மருத்துவத்திலே பித்தம் மூன்று தாதுக்களுள் ஒன்று; குமட்டலும் தலைச்சுற்றலும் பித்தத்தின் மேற் சுமத்தப்படும்; தேசிக்காயும் இஞ்சியும் அதனைத் தணிக்கும். நவீன உடற்கூற்றியலிலே பித்தம் ஈரல் சுரக்கும் ஒரு திரவம். பித்தப்பை அதன் சேமிப்பிடம். ‘உமக்குப் பித்தப்பையிலே கல்’ என்று வைத்தியர் கூறும்போது அவர் இரண்டாவது பொருளிற் கூறுகின்றார். நோயாளி முதலாவது பொருளிற் கேட்கின்றாள். உணவால் தணியக்கூடியது என எண்ணி வீடு திரும்புகின்றாள். இருவரும் தமிழே பேசினர். ஆயினும் உரையாடல் நிகழவில்லை.

இப்பிரதேசச் சமூக அமைப்பிலே நாம் பற்றிக்கொள்ளத்தக்க ஒரு பலமும் உண்டு. மட்டக்களப்பில் குடி தாய்வழியே வருகின்றது. தாய்வீடு மகளுக்குச் சீதனமாகச் சேர்கின்றது. மணமான மகள் பெரும்பாலும் தாயின் அயலிலேயே வாழ்கின்றாள். இது தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவான பண்பு. ஆகவே இங்கு கர்ப்பிணியின் வலியை முதலிற் கேட்பவள் மாமியல்லள். அவளைப் பெற்ற தாய். மகளின் வலியை ஐயுறாத செவி அது. அத்தாய்க்குச் சரியான செய்தி ஒன்று தெரிந்திருந்தால், முதலாவது தாமதம் ஒரே இரவில் நீங்கிவிடும். செய்தி மிக எளியது: கர்ப்பிணிக்கு மேல்வயிற்றில் தோன்றி முதுகுக்குப் பாயும் வலியும் விடாத வாந்தியும் இருப்பின், அது வாய்வென்று விடியும்வரை காத்திருக்கக்கூடாது. கடும் சதையி அழற்சியாயினும், உயர் குருதியமுக்கத்தால் ஈரல் தாக்கப்பட்டதாயினும், நச்சுக்கொடி பிரிந்ததாயினும், எல்லாமே வைத்தியசாலைக்குரியவை. எது எனப் பிரித்தறிவது தாயின் பொறுப்பன்று.

6

இலங்கையின் தாய் மரண வரலாறு ஒரு வெற்றி வரலாறாகக் கூறப்படுவது பொருத்தமே. 1930களில் ஓர் இலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு 2,000 க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தனர். 1950களின் ஆரம்பத்தில் அது ஏறத்தாழ 600 ஆகவும், 2010களில் 30 க்கும் 40 க்கும் இடைப்பட்டதாகவும் குறைந்தது. 1926 இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை, வீடுதேடிச் சென்ற அரசாங்க மருத்துவ மாது, 1940களின் பிற்பகுதியில் மலேரியா ஒழிப்பு, கட்டணமற்ற வைத்தியம், பெண்களின் கல்வி ஆகியன இதன் தூண்கள். 1931 இல் கிடைத்த சர்வசன வாக்குரிமையே கிராமத்துப் பெண்ணின் உயிருக்கு அரசியற் பெறுமதியை அளித்தது என்பதை மறக்கலாகாது. இவை இரங்கி அளிக்கப்பட்ட கொடைகளல்ல, மக்கள் வென்றெடுத்தவை.

ஆனால் சராசரி என்பது சமமின்மையை மறைக்கும் திரையுமாகும். போர்க்காலத்திலே 2007 வரை படுவான்கரையின் பெரும்பகுதி புலிகளின் கட்டுப்பாட்டிலும் நகரம் அரச படைகளின் கட்டுப்பாட்டிலும் இருந்தன. வாவியின் எல்லைமேல் சோதனைச் சாவடியின் எல்லையும் வந்து படிந்தது. இரவிலே கடக்க முடியாத துறை, பகலிலும் கடக்க முடியாததாயிற்று. கர்ப்பிணியின் பதினாறு மணித்தியாலம் எத்தனையாக நீண்டிருக்கும் என்பதை எவரும் முழுமையாகக் கணக்கிட்டிலர்.

இன்று நிலைமை பல வகையில் மாறியுள்ளது. மட்டக்களப்பு வைத்தியசாலை போதனா வைத்தியசாலையாக உயர்ந்துள்ளது. கிழக்குப் பல்கலைக்கழகம் மருத்துவரை உருவாக்குகின்றது. மண்முனையில் பாலம் நிற்கின்றது. 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் விரிந்த 1990 இலக்க அம்புலன்ஸ் சேவை கட்டணமின்றி வருகின்றது. இவை ஒவ்வொன்றும் இரண்டாவது தாமதத்தைக் குறைத்துள்ளன. ஆயினும் 2022 இன் பொருளாதார நெருக்கடி, இவ்வெற்றிகள் எவ்வளவு நொய்தானவை என்பதைக் காட்டிற்று. எரிபொருளுக்கு வரிசை, வைத்தியசாலைகளில் மருந்துத் தட்டுப்பாடு, வெளிநாடு சென்ற வைத்தியர்கள் என்பன பாலத்தின் பயனையும் ஓரளவு பறித்துவிட்டன. வாகனத்துக்கு எரிபொருள் இல்லாதபோது பாலமும் இரவுநேரத் துறைபோன்றதே.

7

எஞ்சியிருப்பது மூன்றாவது தாமதம். அதன் ஒரு பகுதி வைத்தியத்துறைக்குரியது: சிறிய வைத்தியசாலையில் கர்ப்பிணியின் மேல்வயிற்று வலியை ஊசியோடு முடித்துவிடாமை, ஆதார வைத்தியசாலை மட்டத்திலேனும் நொதியச் சோதனை எந்நேரமும் கிடைத்தல், சத்திரசிகிச்சை வைத்தியரும் மகப்பேற்று வைத்தியரும் ஒருங்கே நோயாளியைக் காணல் என்பன. இன்னொரு பகுதி எமக்குரியது. அது மொழி.

1850களிலும் 1860களிலும் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணிபுரிந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன், தமிழிலேயே மருத்துவத்தைக் கற்பித்தார். பிரசவ வைத்திய நூலொன்றை 1857 இல் தமிழில் வெளியிட்டார். 1872 இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ வெளிவந்தது. அவரது நோக்கத்திலே மதப்பரப்பல் இருந்தது உண்மையே. ஆயினும் பிரசவ அறையின் அறிவைத் தமிழ் தாங்கும் என்பது அன்றே நிறுவப்பட்டது. 1950களில் அரச கரும மொழித் திணைக்களத்தின் சொற்றொகுதிகளும் பாடநூல்களும் அப்பணியைத் தொடர்ந்தன. பள்ளி மாணவிக்குச் சதையியும் நொதியமும் முன்சிறுகுடலும் தமிழிலேயே தெரியும்.

ஆனால் அதே மாணவி வளர்ந்து, தாயாகி, நோயுற்று, வைத்தியசாலையை விட்டு வெளியேறும்போது அவள் கையில் கொடுக்கப்படும் நோய் நிர்ணய அட்டை பொதுவாக ஆங்கிலத்திலேயே எழுதப்பட்டிருக்கின்றது. அவளுக்கு வந்தது யாது, அதற்குக் காரணம் யாது, பித்தக்கல் இன்னும் உள்ளே உள்ளதா, எப்போது திரும்பி வரவேண்டும் என்பவை அவ்வட்டையிலே உள்ளன; அவளுக்குத் தெரியாது. அட்டையைப் பத்திரமாகப் பெட்டியில் வைத்துவிடுகின்றாள். அடுத்த கர்ப்பத்தில் வலி மீளும்போது, அது மீண்டும் வாய்வு என்ற பழைய பெயரையே பெறுகின்றது. சத்திரசிகிச்சையால் தடுக்கக்கூடியதாக இருந்த ஒன்று, வாசிக்க முடியாத ஒரு தாளினால் தடுக்கப்படாது போகின்றது. தமிழ் ஆட்சிமொழியாக வேண்டுமெனப் பல தசாப்தங்களாகக் குரலெழுப்பிய நாம், நோயாளியின் அட்டையில் நான்கு வரி தமிழ் எழுதப்பட வேண்டுமெனக் கேட்டதுண்டா?

தமிழ் வளர்ச்சி என்பதைக் காப்பிய ஆய்வோடும் கலைச்சொல் விவாதத்தோடும் நிறுத்திக்கொள்வது வர்க்கச் சார்பற்ற செயலன்று. ஒரு பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கம், மருத்துவ பீட மாணவரோடும் குடும்பநல மருத்துவ மாதரோடும் அமர்ந்து, கர்ப்பிணிகளின் ஆபத்து அறிகுறிகளை வாவிக்கரை மக்கள் வழங்கும் சொற்களிலேயே எழுதலாம். ‘பித்தம்’ என்று கூறும்போது எப்பொருளிற் கூறுகின்றோம் என்பதை விளக்கலாம். வெளியேறும் அட்டையிலே தமிழில் நிரப்பத்தக்க நான்கு கூறுகளை முன்மொழியலாம்: நோயின் பெயர், காரணம், மீண்டும் வரவேண்டிய நாள், எந்த அறிகுறி கண்டால் உடனே வரவேண்டும் என்பது. இது பெரும் பணம் வேண்டும் வேலையன்று.

படுவான்கரையின் அந்த வகைமாதிரிப் பெண்ணுக்குப் பாலம் கிடைக்கத் தொண்ணூறு ஆண்டுகள் ஆயின. அவளது வலிக்கு உரிய பெயர் அவளது மொழியிலேயே அவள் கையை அடைவதற்கு இன்னொரு தொண்ணூறு ஆண்டுகள் வேண்டியதில்லை. அதனை அடுத்த கல்வியாண்டிலேயே தொடங்கிவிடலாம்.